ஓகஸ்ட் மாதத்தில் வெட்டாதீர்கள்: எமது குடியிருப்பின் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக சபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஓகஸ்ட் 12ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணியளவில், நீங்கள் அமர்த்திய ஒப்பந்தகாரரின் ஆட்கள் இருவர், ஸ்காபரோவிலுள்ள எமது சமூகத் தோட்டத்தின் கிழக்கு வேலியோரம், மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாகும் மில்க்வீட் செடிகள் இருந்த பாத்தியை இயந்திரத்தால் தரைமட்டமாக வெட்டினார்கள். சத்தம் கேட்டு நான் மேல்மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய கையிலிருந்த தாளில் வேலியோரக் களைகளை அகற்றவும் என்று எழுதியிருந்தது. அவர்கள் அதைச் செய்தார்கள். நான் மறித்ததும் இயந்திரத்தை நிறுத்தி, தாளைக் காட்டி, மீதியை விட்டுவிடட்டுமா என்று கேட்கும் பண்பும் அவர்களிடம் இருந்தது. இந்த மடல் அந்தத் தாளை எழுதியவர்களுக்கானது.

இதற்கு முன்னர் உங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதிலில்லை. இரண்டாவதற்கு மூன்று வாரங்கள் கழித்து ஒரு சிறு பதில் வந்தது: களைகள் பற்றியும் புழுக்கள் பற்றியும் குடியிருப்பாளர்களிடமிருந்து முறைப்பாடு கிடைத்தது; ஆகவே அப்பகுதி துப்புரவு செய்யப்பட்டது; அடுத்த ஆண்டிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வெட்டப்படும்; பூச்சிகள் வேறிடம் தேடிக்கொள்ளும். சபையின் ஐந்து உறுப்பினர்களில் மூவர் தமிழர். இங்குள்ள 112 வீடுகளில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகள். முறைப்பாடு செய்தவர்களும் நம்மவர்களே என்று அறிகிறேன். ஆகையால் இம்முறை, எல்லோரும் படிக்கக்கூடியதாகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அன்று வெட்டப்பட்டது என்ன என்பதை முதலில் பதிவுசெய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பாத்தியில் காணப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளையும் புழுக்களையும் கூடுகளையும் ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். ஓய்வுபெற்ற ஒருத்தி காலையும் மாலையும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பது என் வீட்டிலேயே சிரிப்புக்குரிய விடயம்தான். ஆனால் இப்போது நீங்கள் கேட்கக்கூடிய ஆதாரம் என்று என்னிடம் இருப்பது அந்தக் கொப்பி. ஓகஸ்ட் 11 மாலை எழுதிய பக்கத்தில் 27 புழுக்கள், 14 முட்டைகள், வேலிக்கம்பியில் தொங்கிய பச்சைக் கூடுகள் 3 என்று இருக்கிறது. மறுநாள் முற்பகல் முழுவதும், அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தியும் நானும் வெட்டுத்துண்டுகளுக்குள் மண்டியிட்டுத் தேடினோம். உயிரோடு கிடைத்தவை 8 புழுக்கள். எஞ்சி நின்ற நான்கு செடிகளில் அவற்றை ஏற்றிவிட்டோம். வளர்ந்த புழுக்கள் எட்டுக்கு நான்கு செடிகள் எந்த மூலைக்கு? ஐந்தாம் நாளில் இலைகள் தீர்ந்து நடுநரம்புகள் மட்டும் நின்றன. செப்ரெம்பர் முதற்கிழமையில் கூட்டைவிட்டு வெளிவந்தவை மூன்றே மூன்று. முட்டைகள் வாடிய இலைகளோடு கழிவுப் பைகளுக்குள் போய்விட்டன.

வெட்டாமல் விட்டிருந்தாலும் எல்லாப் புழுக்களும் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எறும்பு, சிலந்தி, குளவி, ஒட்டுண்ணி ஈ என்று எல்லாவற்றுக்கும் இரையானது போக, இயற்கையில் நூறு முட்டைகளில் பத்துக்கூட வண்ணத்துப்பூச்சியாக மாறுவதில்லை. இழப்பு இவ்வளவு இயல்பாக உள்ள ஓர் உயிரினத்துக்கு, தங்கியிருக்கும் செடியையே ஒரு காலையில் எடுத்துவிடுவது எத்தகைய அடி என்பதை இந்தக் கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் வெட்டினீர்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. மே மாதக் கடைசியில் தெற்கு ஒன்ராறியோவுக்கு வந்து சேரும் மொனார்க்குகள் இங்கே முட்டையிட்டு இறந்துவிடுகின்றன. முட்டை நான்கு நாளளவில் பொரிக்கும். புழு இரண்டு கிழமைவரை தின்று வளரும். கூட்டுக்குள் மேலும் பத்து முதல் பதினான்கு நாட்கள். இப்படியே யூன், யூலை மாதங்களில் பிறப்பவை இரண்டு முதல் ஆறு கிழமைகள் மட்டும் வாழ்ந்து அடுத்த தலைமுறையை விட்டுச் செல்கின்றன. ஆனால் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து கூட்டைவிட்டு வெளிவருபவை வேறு வகையானவை. பகல் குறுகி இரவுகள் குளிரத் தொடங்குவதால் அவற்றின் உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு, கொழுப்பைச் சேமித்து, எட்டு மாதங்கள்வரை வாழ ஆயத்தமாகிறது. அரைக் கிராம் எடைகொண்ட அந்தப் பூச்சிதான் ஒன்ராறியோ ஏரியைத் தாண்டி, அமெரிக்காவை ஊடறுத்து, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து, மெக்சிக்கோவின் மிச்சோவகான் மாநில மலைகளில் 3,000 மீற்றர் உயரத்திலுள்ள ஒயமெல் என்ற ஊசியிலை மரக்காடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குளிர்காலத்தைக் கழித்து, மார்ச் மாதத்தில் ரெக்சாஸ் பக்கம் வந்து முட்டையிட்டு முடிகிறது. அடுத்த கோடையில் நம் தோட்டத்துக்கு வருபவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஆகவே போகும் பூச்சி எதுவும் அந்த மலையை முன்னர் கண்டதில்லை. இதைப் புலம்பெயர்ந்த நம் கதையோடு ஒப்பிட்டு உங்கள் மனதை இளக வைக்கும் எண்ணம் எனக்கில்லை. அத்தகைய ஒப்பீடுகளை விழா மேடைகளில் போதுமான அளவு கேட்டுவிட்டோம். நான் சொல்வது நாட்காட்டிக் கணக்கு: ஓகஸ்ட் 12 அன்று இலையில் இருந்த ஒவ்வொரு புழுவும் மெக்சிக்கோவுக்குப் போகவேண்டிய தலைமுறையைச் சேர்ந்தது. வருடத்தின் 52 கிழமைகளில் நீங்கள் தெரிந்தெடுத்தது அந்தக் கிழமையை.

பூச்சிகள் வேறிடம் தேடிக்கொள்ளும் என்ற உங்கள் வரிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சிறகுள்ளவை தேடிக்கொள்ளும். முட்டையும் புழுவும் கூடும் எங்கே போகும்? மொனார்க் புழு மில்க்வீட் இனங்களைத் தவிர வேறெதையும் உண்டு வளர முடியாதது. கீரையோ கோவாவோ கத்தரி இலையோ அதற்கு உணவல்ல. அந்தப் பாத்தியிலிருந்து பார்த்தால் நான்கு திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கட்டையாக வெட்டிய புல்லும், வாகனத் தரிப்பிடமும், சீமெந்து நடைபாதையும்தான். தேடிக்கொள்ள வேறிடம் இல்லாததால்தான் அந்தச் சிறு பாத்தியில் அத்தனை புழுக்கள் இருந்தன.

மில்க்வீட் என்ற பெயரில் களை என்ற பொருள் இருப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தடித்த இலை, கிள்ளினால் வடியும் பால், கொத்துக்கொத்தான பூ, காய் வெடித்தால் பஞ்சோடு பறக்கும் விதை: இது எருக்கலையின் உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பிள்ளையாருக்கு எருக்கலம்பூ மாலை கட்டிய கைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எருக்கலை இலைகளைத் தின்று வளரும் வரிப்புழுவையும், அதிலிருந்து வரும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியையும் கண்டவர்கள், மொனார்க்கைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்தது போல் இருக்கிறதே என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தப் பூச்சியும் மொனார்க்கும் டனாஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செடியின் பாலிலுள்ள நஞ்சைத் தம் உடலில் சேர்த்து, பறவைகளுக்குக் கசப்பாகி உயிர்காக்கும் வித்தையும் இரண்டுக்கும் பொது.

அடுத்தது முறைப்பாடு. மயிர்க்கொட்டி வந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சுணைக்கும் என்று சிலர் பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். முருங்கை மரத்தில் திரள்திரளாக ஒட்டியிருந்த மயிர்க்கொட்டிகளைத் தீப்பந்தம் பிடித்து எரித்த நாட்களும், தவறிப்போய் முதுகில் விழுந்த ஒன்றினால் இரவு முழுவதும் சொறிந்த நாட்களும் எனக்கும் நினைவிலிருக்கின்றன. ஆனால் மொனார்க் புழுவுக்கு மயிர் இல்லை. வழுவழுப்பான உடலில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகளும், தலையிலும் வாலிலும் மெல்லிய கறுப்பு இழைகளும்தான் இருக்கும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை, கையில் ஊரவிட்டால் சுணைப்பதுமில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை நியாயமானது. செடியின் பால் கண்ணில் பட்டால் எரிவும் வீக்கமும் ஏற்படும், எருக்கலம்பாலைப் போலவே. அதற்காகத்தான் தோட்டத்தில் கையுறை போட்டுத்தான் அதைத் தொடவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். முறைப்பாடு வந்தபோது சபையிலிருந்து ஒருவர் பத்து நிமிடம் தோட்டத்துக்கு வந்திருந்தால், இதெல்லாவற்றையும் அங்கேயே காட்டி, முறைப்பாடு செய்தவரையும் கூட்டிவந்து ஒரு புழுவைக் கையில் கொடுத்திருப்பேன்.

அவலட்சணமாக இருக்கிறது, களை போல் இருக்கிறது என்பது மற்ற முறைப்பாடு. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது; அதில் நான் வாதிட வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கவனப்படுத்துகிறேன், ஏனெனில் உங்கள் பதிலில் களை என்ற சொல் மூன்று முறை வருகிறது. ஒன்ராறியோவின் களைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒழிக்கவேண்டிய களைகளின் பட்டியலில் மில்க்வீட் ஒருகாலத்தில் இருந்தது உண்மை. 2014ஆம் ஆண்டு, மொனார்க்கைக் கருத்திற்கொண்டு, அது அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ரொறன்ரோ நகரில் வீட்டு முன்றலில் இயற்கைத் தோட்டம் வளர்த்ததற்காக ஒரு பெண்மணிக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணத்தை 1996இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் நகரசபை தன் துணைவிதியையே திருத்தி, இயற்கைத் தோட்டத்துக்கு விதிவிலக்கு அனுமதி பெறும் தேவையை எடுத்துவிட்டது. கனடாவின் அழிவாபத்து இனங்கள் சட்டத்தில் அதுவரை விசேட கவனத்துக்குரியது என்ற படியில் இருந்த மொனார்க், 2023 டிசெம்பரில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக மேலேற்றப்பட்டது. அந்தச் சட்டம் எமது குடியிருப்பைப் போன்ற தனியார் காணிக்கு நேரடியாகத் தடை விதிப்பதில்லை என்பதை நானும் படித்திருக்கிறேன். உங்கள் சட்டத்தரணி அதைச் சொல்லக்கூடும். நீங்கள் சட்டத்தை மீறினீர்கள் என்று நான் குற்றம்சாட்டவில்லை. மத்திய அரசு அழியும் ஆபத்திலுள்ளது என்று அறிவித்த உயிரின் தொட்டிலைக் களை என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிட என்னை வருத்துவது, அதே நாளில் அவர்கள் வெட்டாமல் விட்ட செடி. வடக்கு வேலியில், குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், பளபளக்கும் பச்சை இலைகளோடு கம்பியைச் சுற்றி அடர்ந்து ஏறியிருக்கும் கொடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டொக் ஸ்ராங்ளிங் வைன் என்று இங்குள்ளோர் அழைக்கும் அந்தக் கொடி கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரூச் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் சரிவுகளிலும் ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளிலும் மற்றச் செடிகள் முளைக்க இடமின்றிப் பரவிக்கிடப்பது. மில்க்வீட் நீக்கப்பட்ட அந்தக் களைப்பட்டியலில் இன்று இந்தக் கொடி இருக்கிறது; ஆக்கிரமிப்பு இனங்கள் சட்டத்தின் கீழும் கட்டுப்படுத்தப்பட்டது. இதுவும் எருக்கலைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனால்தான் மொனார்க் சில வேளைகளில் ஏமாந்து இதன்மேல் முட்டையிடுகிறது. பொரிக்கும் புழுவுக்கு இதன் இலை உணவாகாது. அது பட்டினியால் இறந்துவிடும். ஆக, ஒரே குடும்பத்துச் செடிகள் இரண்டில், உயிர்தரும் செடியை வெட்டி, உயிரெடுக்கும் கொடியை நிறுத்திவைத்திருக்கிறோம். வேலியில் ஒழுங்காக ஏறிப் பச்சையாக இருப்பதால் அது களையாகத் தோன்றவில்லை போலும். தாளில் எழுதியவர் இரண்டு செடிகளையும் நேரில் பார்த்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அமெரிக்க மத்திய மாநிலங்களில் களைநாசினியைத் தாங்கும் சோளமும் சோயாவும் வந்தபின் வயல்களுக்கிடையே இருந்த மில்க்வீட் துடைத்தெடுக்கப்பட்டது, மெக்சிக்கோவில் காடு வெட்டப்பட்டது, காலநிலை மாறுகிறது. இவ்வளவுக்கும் முன்னால் ஸ்காபரோவிலுள்ள ஒரு பாத்தி எம்மாத்திரம் என்று சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்வி நியாயமானது. மெக்சிக்கோ மலைகளில் மொனார்க்குகள் தனித்தனியாக எண்ணப்படுவதில்லை. அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பு அளக்கப்படுகிறது. 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்டேயர். 2013-14இல் 0.67 ஹெக்டேயர். 2023-24இல் 0.90, 2024-25இல் 1.79. இந்த இனம் நிலைத்திருக்க ஏறத்தாழ 6 ஹெக்டேயர் வேண்டும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ நாற்பது பரப்பு என்ற நம் ஊர்க் காணிக் கணக்கில் சொன்னால், எழுநூறு பரப்புக்கு மேல் இருந்த காணி முப்பத்தாறு பரப்புக்குக் கீழே போய், 2024-25இல் எழுபதளவில் நின்றது. ரொக்கி மலைக்குக் கிழக்கேயுள்ள மொனார்க்குகள் அநேகமாக எல்லாமே அந்தக் காணிக்குள் அடக்கம்.

இதைச் சரிசெய்ய நூற்று முப்பது கோடி மில்க்வீட் தண்டுகளுக்கு மேல் புதிதாகத் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவையும் எந்த அரசாங்கமும் ஓரிடத்தில் நட்டுவிட முடியாது. நட்டாலும் பயன் குறைவு. ஏனெனில் பெண் மொனார்க் ஒரு செடிக்குப் பெரும்பாலும் ஒரு முட்டையாக, பல இடங்களில் அலைந்து அலைந்து, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பிரித்து இடும் இயல்புடையது. வீதியோரம், பாடசாலை, கோயில் வளவு, மின்கம்பித் தடம், எமது தோட்டம் போன்ற சிறுசிறு இடங்களில் செடி சிதறிக் கிடப்பது அதன் பழக்கத்துக்குப் பொருந்துகிறது. ரொறன்ரோ நகரசபை 2018இல் மகரந்தச் சேர்க்கையாளர் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, மறுவருடம் முதல் அயலவர் குழுக்களின் தோட்டங்களுக்கு நிதியும் வழங்கி வருவது இதனால்தான். காட்டு மரத்தையோ அமெரிக்க வயலையோ காப்பாற்றுங்கள் என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது ஆறு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம்.

இந்த ஊருக்கு இவ்விடயத்தில் தனிக்கடமை ஒன்றும் உண்டு. மொனார்க்குகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற புதிரை அவிழ்க்க வாழ்நாளைச் செலவிட்ட பிரெட் ஏர்குவாட், நம் பிள்ளைகள் பலர் படிக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கற்பித்த விலங்கியலாளர். அவரும் மனைவி நோராவும் வண்ணத்துப்பூச்சியின் சிறகில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டி, இதைக் கண்டெடுப்பவர் ரொறன்ரோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்பவும் என்று அதில் அச்சிட்டு, 1952 முதல் கண்டமெங்கும் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் வீட்டுப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். 1975 ஜனவரி 2ஆம் திகதி, அவர்களுக்காகத் தேடிய கென் புரூகரும் கத்தலீனா அகுவாடோவும் மெக்சிக்கோ மலையில் அந்த இடத்தை அடைந்தார்கள். மறுவருடம் ஏர்குவாட் தம்பதியர் அங்கே போனபோது, முறிந்து விழுந்த கிளையொன்றில், மினசோட்டாவில் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்ட ஒரு மொனார்க் அவர்களுடைய கண்ணில் பட்டது. அந்த மலையடிவாரத்து மக்களுக்கு அந்த இடம் தலைமுறைகளாகத் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும். நவெம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைவுகூரும் நாட்களில் வந்து சேரும் மொனார்க்குகளை, நாம் காகத்தில் முன்னோரைக் காண்பதுபோல, திரும்பிவரும் ஆன்மாக்களாக அவர்கள் கருதி வந்திருக்கிறார்கள். ஆயினும் உலகம் அதை அறிந்துகொண்டது ஸ்காபரோவிலிருந்து வளர்ந்த ஒரு முயற்சியால், அதுவும் பெரும்பகுதி சாதாரண மக்களின் கைகளால்.

எமது பக்கத்துத் தவறுகளையும் மறைக்கப்போவதில்லை. 2019இல் இந்தத் தோட்டத்தை ஆரம்பித்தபோது கத்தரி, வெண்டி, பாகல், மிளகாய் என்று காய்கறிப் பாத்திகள் மட்டும்தான் இருந்தன. 2020 வசந்தத்தில், கிழக்கு வேலியோரத்தை வண்ணத்துப்பூச்சிகளுக்காக ஒதுக்க அன்றைய சபை எழுத்தில் சம்மதித்தது. கூட்டக் குறிப்பின் பிரதி என்னிடம் இருக்கிறது, உங்களிடமும் இருக்கவேண்டும். நாங்கள் நட்டது சாதாரண மில்க்வீட். அது நிலத்தடித் தண்டால் ஓடிப் பரவும் என்று தெரிந்தும் ஓரக்கட்டுப் போடவில்லை. மூன்றாம் வருடம் அது நடைபாதைக்குள் தலைநீட்டியது; அடுத்த பாத்திக்காரரின் வெங்காயத்துக்கிடையே முளைத்து அவரைச் சலிப்படைய வைத்தது. பெயர்ப்பலகை வைக்கலாம் என்று இரண்டு வருடம் பேசினோம், வைக்கவில்லை. பலகை இருந்திருந்தால் அந்த இரண்டு தொழிலாளர்களும் ஒருவேளை இயந்திரத்தை இயக்கியிருக்கமாட்டார்கள். இவற்றைத் திருத்தும்படி எங்களிடம் கேட்டிருந்தால் ஒரு வார இறுதியில் திருத்தியிருப்போம். எவரும் கேட்கவில்லை. தோட்டக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

இன்னுமொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வெட்டுவதே கூடாது என்பது என் நிலைப்பாடல்ல. ஒக்ரோபர் கடைசியில் எல்லாம் காய்ந்தபின் வெட்டினால் பூச்சிகளுக்கு இடைஞ்சல் மிகக் குறைவு. மே நடுப்பகுதி தொடங்கி செப்ரெம்பர் முடியும்வரை வெட்டினால்தான் அழிவு. நீங்கள் இப்போது திட்டமிட்டிருக்கும் மாதத்துக்கு ஒருமுறை என்ற முறை எல்லாவற்றிலும் கொடியது. அது வெட்டுக்கு வெட்டு இளந்தளிரைத் துளிர்க்கச் செய்து, தளிரைத் தேடிவரும் மொனார்க்கை அழைத்து முட்டையிட வைத்து, அடுத்த மாதம் அந்த முட்டையையும் புழுவையும் சேர்த்து வெட்டும். பொறி வைப்பதும் அதுவும் ஒன்று.

ஆகவே சபையிடம் நான் கேட்பவை இவை.

மாதாந்தம் வெட்டும் தீர்மானத்தை ஒக்ரோபர்க் கூட்டத்திலேயே மீளப்பெறுங்கள். கிழக்கு வேலியோரப் பாத்தி ஒவ்வொரு ஆண்டும் மே 15 முதல் செப்ரெம்பர் 30 வரை வெட்டப்படாது என்று தீர்மானம் எடுத்து, அதை ஒப்பந்தகாரரின் வேலைத்தாளில் பாத்தியின் வரைபடத்தோடு சேர்த்து எழுதுங்கள். கூட்டக் குறிப்பில் மட்டும் இருந்தால் அது ஒருவருக்கும் உதவாது என்பதை இந்த ஓகஸ்ட் காட்டிவிட்டது. வெட்டவேண்டிய வேளையில் வெட்டும் பொறுப்பைத் தோட்டக் குழுவே ஏற்கும். அதற்காக உங்களுக்குச் செலவு இல்லை.

வடக்கு வேலிக் கொடியை அகற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அதன் காய்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் வெடிக்காத காய்களைப் பறித்துக் கறுப்புப் பைகளில் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். சேதனப்பசளைக் குவியலில் போடக்கூடாது. வசந்தத்தில், பூக்குமுன்னர், வேரோடு தோண்டி எடுக்கவேண்டும். ஆட்கள் வேண்டுமானால் நாங்கள் பதினொருவர் வருகிறோம். மண்வெட்டியும் கையுறையும் எங்களிடம் உண்டு. அழகுக்காகக் களைநாசினி தெளிப்பது 2009 முதல் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டது என்பதால் அந்தக் குறுக்குவழியை எவரும் முன்மொழியமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அழிக்கப்பட்ட பாத்தியை மீண்டும் அமைக்க அனுமதி தாருங்கள். இம்முறை உட்பக்கத்தில், ஓடிப்பரவாமல் ஓரிடத்தில் கொத்தாக நிற்கும் சதுப்பு மில்க்வீட்டை நடுவோம். வேலியோரத்தில் வேரிலிருந்து தானாகத் துளிர்க்கப்போகும் சாதாரண மில்க்வீட்டைச் சுற்றி முப்பது சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஓரக்கட்டுப் புதைப்போம். பயணத்துக்கு முன் மொனார்க்குகள் தேன் குடிப்பதற்கு ஆஸ்ரர், கோல்டன்ரொட் என்ற பூச்செடிகளும் நடப்படும். கோல்டன்ரொட் தும்மல் வரவைக்கும் என்று அடுத்த முறைப்பாடு வருமுன் சொல்லிவிடுகிறேன்: தும்மலுக்குக் காரணம் அதே காலத்தில் பூக்கும் ரக்வீட் என்ற வேறு செடி. தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைக்கும் செலவை மட்டும் சபை ஏற்கவேண்டும்.

இனி, தோட்டத்தின் எந்தப் பகுதியைப் பற்றியும் முறைப்பாடு வந்தால், நடவடிக்கைக்கு முன் குறைந்தது பத்து நாள் அவகாசத்தோடு தோட்டக் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்கும் நடைமுறையை ஏற்படுத்துங்கள். முறைப்பாடு செய்தவர்களின் பெயர்கள் எனக்கு வேண்டாம். அவர்கள் விரும்பினால் அடுத்த யூலையில் ஒரு மாலை வந்து பார்க்கட்டும், தேநீர் என் செலவு.

எஞ்சிய நான்கு செடிகளிலும் காய் பிடித்திருக்கிறது. முற்றிய காய்களிலிருந்து பஞ்சு நீக்கி எடுத்த விதைகளைக் காகிதப் பையில் உலரவைத்திருக்கிறேன். குளிர்காலம் முழுவதும் ஈரமண்ணில் கிடந்தால்தான் அவை நன்றாக முளைக்கும். எனவே நவெம்பர் முதற்கிழமைக்குள் நிலத்துக்குப் போகவேண்டும். உங்கள் பதிலை ஒக்ரோபர் 31ஆம் திகதிக்கு முன்னர் எழுத்தில் தாருங்கள்.

இக்குடியிருப்பில் 17 ஆண்டுகளாக வசிக்கும் தோட்டக் குழு உறுப்பினர் ஒருத்தி
ஸ்காபரோ, செப்ரெம்பர் 2025